செல்வியம்மனின் இடது கன்னம்

மேலக்காவிளையில் காற்றுக்கு யாரும் கதவு சாத்தியது கிடையாது. மேற்கே இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி. ஆனி பிறந்ததும் அந்த இடைவெளி வழியாகப் புறப்பட்டு வருகிற காற்று, கரண்டு எடுக்க வயல்காட்டில் நிறுத்தியிருக்கிற பெரிய வெள்ளைக் காத்தாடிகளைச் சுற்றிவிட்டு, வாழைத்தோப்பில் நாலு குலையைச் சாய்த்துவிட்டு, கொடியில் காய்கிற வேட்டியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடைசியில் சிதம்பரவடிவின் இடது கன்னத்தில் வந்து உட்காரும். மற்றவர்களுக்கு அது காற்று. அவளுக்கு அது பழுக்கக் காய்ச்சிய ஊசி. காதுக்கு முன்னால் ஆரம்பித்து மேலுதட்டு ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுக்கும், அவள் மூச்சைப் பிடிப்பதற்குள் போய்விடும், போய்விட்டதே என்று அவள் மூச்சை விடுவதற்குள் திரும்பி வரும்.

காற்று மட்டும் என்றால் முக்காடு போட்டுச் சமாளித்திருப்பாள். பல் தேய்த்தால் வரும், முகம் கழுவினால் வரும், சோற்றை மென்றால் வரும், பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்குப் பதில் சொன்னால் வரும், சில நாள் ஒன்றுமே செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாலும் வரும். ஒரு பக்கமாகக் கஞ்சி குடித்தாள். மூக்குத்தியைக் கழற்றி வைத்தாள். புருஷன் இருக்கும்போது மூக்குத்தியைக் கழற்றியவள் என்று அதற்கு ஒரு பேச்சு எழுந்தது. ஊர்வாய்க்கு மட்டும் எந்த நாளும் வலி வந்ததில்லை.

இதில் பெரிய கொடுமை, அந்த ஊரில் குலவை என்றால் வடிவு என்று இருந்ததுதான். செல்வியம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் மற்றப் பெண்கள் நாக்கைச் சுழற்றி மூச்சு வாங்கி நிறுத்துகிற இடத்தில் அவள் குலவை அப்போதுதான் தொடங்கும். தொடங்கினால் மேளக்காரன் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். அவள் குலவை விட்டால்தான் அம்மன் முகத்தில் களை வருகிறது என்று பூசாரி நல்லகண்ணுவே சொல்லியிருக்கிறார். அந்த வாய்தான் இப்போது கொட்டாவிக்குக்கூடத் திறக்கப் பயந்து கிடந்தது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி கிராம்பு கொண்டுவந்தாள். டவுனில் பல் டாக்டர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார், வலி போகவில்லை, அடுத்ததைப் பிடுங்கினார், அதற்கும் போகவில்லை, அதற்கடுத்ததையும் பிடுங்கினார். மூன்றும் முத்துப்போல நல்ல பற்கள். சொத்தைப் பல்லில் புழு இருக்கும் என்று சந்தைக்கு வந்த ஒருத்தி ஏதோ விதையைக் கரியில் போட்டுப் புகை காட்டி, தட்டில் விழுந்த வெள்ளைத் துணுக்கைக் காட்டி, இந்தா புழு என்றாள். ஊரே எட்டிப் பார்த்தது. புழு போயிற்று, வலி இருந்தது.

பிறகு திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டர், அவள் முகத்தைத் தொடாமலே, "பல்லில் ஒண்ணும் இல்லம்மா. மூளையிலேருந்து முகத்துக்கு வர்ற நரம்பை ஒரு ரத்தக்குழாய் உரசிக்கிட்டு இருக்கு. இந்த வலி என்னன்னு எனக்குத் தெரியும்" என்று சொன்னபோது, வடிவு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். வலிக்கு அல்ல. தெரியும் என்று ஒருவர் சொன்னதற்காக. அவர் கொடுத்த மாத்திரை பாதி வலியை எடுத்தது, கூடவே கால் நிதானத்தையும் எடுத்தது. தெருவில் தடுமாறி நடந்தாள். வடிவு குடிக்கிறாள் என்று ஒரு வாரம் ஊருக்குப் பேச்சு கிடைத்தது. மாத்திரையைக் கூட்டினால் உடம்பெல்லாம் தடித்தது. ஆப்பரேஷன் ஒன்று இருக்கிறது, தலையில், என்று டாக்டர் சொன்னதும் புருஷன் தளவாய் அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

தளவாய் காத்தாடிக் கம்பெனியில் காவலாள். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவன். அவள் கன்னத்தில் வீக்கம் இல்லை, காயம் இல்லை, சிவப்புகூட இல்லை. "பல்லையும் புடுங்கியாச்சி. இன்னும் எங்கடி வலிக்கி?" என்பான். அவள் சொல்ல வாயைத் திறந்தால் வலிக்கும். அதனால் சொல்லமாட்டாள். சொல்லாததால் அவன் நம்பமாட்டான். இப்படியே அந்த வீட்டில் வருஷங்கள் போயின.

செல்வியம்மனுக்கு உரு வைக்கிற வழக்கம் உண்டு. கால்வலிக்காரர் வெள்ளித் தகட்டில் கால் வாங்கி வைப்பார்கள், கண்வலிக்காரர் கண் வைப்பார்கள். வைத்துவிட்டு, தாயே, இதை ஏத்துக்கிட்டு என்னை நல்லாக்கு என்று கும்பிட வேண்டும். வடிவு ஒரு முகம் வாங்கிக்கொண்டு போனாள். ஆடி பிறந்து முதல் செவ்வாய். உருவைப் பீடத்தில் வைக்கக் குனிந்தவளுக்குச் சன்னலில் இருந்து காற்று வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து இழுத்த இழுப்பில் பீடத்தைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அம்மன் கருங்கல்லில் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வடிவுக்கு வந்த கோபம் பிறந்ததிலிருந்து வராத கோபம். கும்பிட வேண்டிய வாயால், "சிரிக்கியோ? ஒரு நாளைக்கு நீ பட்டுப் பாருடி. அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, உருவை அங்கேயே விட்டுவிட்டு, திருநீறுகூட வாங்காமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பூசாரி நல்லகண்ணு அபிஷேகத்துக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். அம்மனின் இடது கன்னம் வெட்டி இழுத்தது. துணியால் துடைத்தார். மறுபடி இழுத்தது, கூடவே இடது கண்ணும் இறுக மூடித் திறந்தது. குடத்தை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, தர்மகர்த்தா ராசையா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அண்ணாச்சி, அம்மனுக்கு மூஞ்சி வலிக்கி."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"பச்சைத் தண்ணி ஊத்துனீராக்கும்? வெந்நி போடப்பிடாதா?" என்று கேட்டுக்கொண்டே ராசையா சட்டையைத் தேடினார்.

அதே நேரத்தில் வடிவு கொட்டாவி விட்டாள். விட்ட பிறகுதான் பயந்தாள். பயந்து காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மெதுவாக ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையால் தொட்டாள். வாளியில் தண்ணீர் மோந்து முகத்தில் அடித்தாள், இன்னொரு தரம் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். டப்பாவில் தளவாய்க்கென்று வைத்திருந்த முறுக்கை எடுத்து இடது பக்கம் பல் இல்லாத இடத்தையும் பொருட்படுத்தாமல் கடித்தாள். தெருவில் இறங்கி மேற்கே பார்த்து நின்றுகொண்டு, வா, வந்து பார் என்று காற்றுக்குக் கன்னத்தைக் காட்டினாள். காற்று வந்து தடவிவிட்டுப் போயிற்று. இதைத்தான் எல்லாரும் இத்தனை காலமும் காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்களா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏ வடிவு, சேதி தெரியுமா?" என்று முத்துப்பேச்சி ஓடிவந்தாள். "அம்மனுக்கு இடது கன்னத்துல சுரீர் சுரீர்னு வலியாம். பாவம், நம்ம தாயி, துடிச்சிப் போறா." வடிவின் வாயில் இருந்த முறுக்கு அப்படியே நின்றுவிட்டது.

ஒரு நாளைக்கு என்றுதான் வடிவு சொன்னாள். அம்மனுக்கு அது ஒரு நாளில் தீரவில்லை. மேலக்காவிளைக்காரர்கள் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக இறங்கமாட்டார்கள். முதல் நாள் அபிஷேகம் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறியது. அடுத்து இடது கன்னத்தில் சந்தனம் சாத்துவது நின்றது. காற்று வருகிற மேற்குச் சன்னலை அடைத்தார்கள், அப்படியும் வருகிறது என்று தெரு மேற்கு முனையில் ஓலைத்தட்டியால் பனை உயரத்துக்கு மறைப்புக் கட்டினார்கள். சத்தம் பட்டால் கன்னம் இழுக்கிறது என்று ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் இருந்து இறக்கினார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் கோவில் தெருவில் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். மீன்காரர் கூவாமல் வீடு வீடாக ஏறி மீனைத் தூக்கிக் காட்டினார். சேவல்களைப் பஞ்சாரத்தில் போட்டுச் சாக்கால் மூடினார்கள். அந்த மாதம் நடந்த ஒரு காதுகுத்தில் பிள்ளையின் காதில் ஊசி ஏற்றியபோது மேளத்துக்குப் பதிலாகச் சனம் மொத்தமும் கையைத் தூக்கி ஆட்டியது. காத்தாடிக் கம்பெனி அதிகாரி ஒருவர் இந்த ஊர்க்காரர்கள் கோவில் பக்கத்துக் காத்தாடிகளை நிறுத்தச் சொல்கிறார்களாமே என்று சண்டை போடுவதற்கு ஜீப்பில் வந்தார், உள்ளே போய்ப் பார்த்தார், வெளியே வந்து செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அந்த வரிசைக் காத்தாடிகள் நின்றிருந்தன.

வைத்தியமும் நடந்தது. அம்மனுக்குக் கிராம்பு மாலை போட்டார்கள். புழுக்காரியைக் கூட்டிவந்து புகை காட்டினார்கள், அவள் அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புழு எதையும் எடுக்காமல் எழுந்துவிட்டாள். வடிவிடம் மீந்திருந்த மாத்திரையைப் பாலில் கரைத்து நைவேத்தியமாக வைத்தார்கள். யார் மாத்திரை அது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

எல்லாவற்றிலும் வடிவுக்கு நெஞ்சில் தைத்தது வேறு. இத்தனை பேரில் ஒருவர்கூட, அம்மன் நடிக்கிறாள் என்று சொல்லவில்லை. வீக்கம் எங்கே, சிவப்பு எங்கே என்று கேட்கவில்லை. கன்னம் ஒரு இழுப்பு இழுத்தால் பார்த்துக்கொண்டிருந்த ஆண்பிள்ளைகள் விம்மினார்கள். அவள் வீட்டில், ஒரு சுவர் தாண்டி, இதே கன்னம் இழுத்துக்கொண்டு கிடந்தபோது இந்தக் கண்ணீரெல்லாம் எங்கே வைத்திருந்தார்கள்? வயிறு எரிந்தது அவளுக்கு. எரிந்த வயிற்றோடு இரண்டு வேளையும் நன்றாக மென்று சாப்பிட்டாள், அதையும் மறைப்பானேன்.

ஆனாலும் தினமும் கோவிலுக்குப் போனாள். போய் அம்மன் எதிரில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கன்னம் இழுப்பதைப் பார்த்தார்கள். அவள் இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே இருந்த நேரத்தைப் பார்த்தாள். அடுத்தது எப்போது வரும் என்று அசையாமல் காத்திருக்கிற அந்தக் கல் கண்களை அவளுக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்த கண்கள் அவை. அம்மனுக்கு ஒரு கையில் சூலம், ஒரு கையில் குங்குமக் கிண்ணம். கன்னத்தைப் பொத்திக்கொள்ள ஒரு கை மிச்சமில்லை. படுத்துப் புரள முடியாது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள முடியாது. இழுத்து முடிந்ததும் வந்தவர்களுக்காக அந்த உதடு மறுபடி சிரிக்கவும் வேண்டியிருந்தது.

தளவாயும் வந்தான். கம்பெனியில் நின்றுபோன காத்தாடிகளுக்குக் காவல் என்ன வேண்டியிருக்கிறது என்று கோவில் தட்டிக்குக் காவல் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் பூசாரி கற்பூரம் காட்டும்போது அம்மனின் கன்னம் வெட்டியதை மிக அருகில் இருந்து பார்த்தான். பார்த்தவன் திரும்பி வடிவைப் பார்த்தான். காதுக்கு முன்னால் தொடங்கி உதட்டு ஓரத்தில் முடிகிற அதே வெட்டு. அவன் வருஷக்கணக்காகத் தன் வீட்டு அடுப்படியில் பார்த்தது, பார்த்தும் பார்க்காதது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் எழுந்தான்.

"ஏளா," என்றான். "இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எம்புட்டுத் தரம் கேட்டிருக்கேன், எங்கடி வலிக்கின்னு."

"அவளுக்குக் குடுத்தது நாந்தான்," என்றாள் வடிவு. "நீ பட்டுப் பாருன்னு சொன்னேன். பட்டுக்கிட்டு இருக்கா."

தளவாய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். "யார்ட்டயும் சொல்லாத," என்றான். "கேட்டியா? செத்தாலும் சொல்லாத."

சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தாள். ஆடிக் கடைசிச் செவ்வாய்க்குக் கொடை. கொடைக்கு மேளம் வேண்டும், வேட்டு வேண்டும், குலவை வேண்டும், குலவை கேட்டால்தான் அம்மன் இறங்குவாள், இறங்கினால்தான் மழை, மழை வந்தால்தான் மேலக்காவிளையில் வாழையும் நெல்லும். சத்தமில்லாத கொடையை எப்படிக் கொடுப்பது என்று கோவில் முற்றத்தில் ஊர் கூடி உட்கார்ந்து, கிசுகிசுவென்று பேசி, கிசுகிசுவென்றே சண்டையும் போட்டது. கொடையை நிறுத்திவிடலாம் என்று ராசையா சொன்னபோது பூசாரி நல்லகண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வடிவு எழுந்து நின்றாள். நடந்ததைச் சொன்னாள்.

அவளை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள். ஊரில் பெரியவரான ராசையா இறங்கி வந்து அவளுக்கு முன்னால் கைகூப்பினார். "வடிவம்மா," என்றார். அதுவரை அவளை யாரும் அம்மா போட்டுக் கூப்பிட்டதில்லை. "உனக்குப் பழகுன வலி. அம்மன் பச்சைப்பிள்ளை மாதிரி, அவளால தாங்க முடியல. நீயே பாத்துக்கிட்டுத்தான இருக்க. திருப்பி வாங்கிக்கிடும்மா."

"நாங்கல்லாம் இருக்கோம் வடிவு," என்றாள் முத்துப்பேச்சி. "ஊரே உன்னைத் தாங்கும், பாத்துக்க. அம்மனுக்குச் செஞ்ச மாதிரி செய்வோம்."

"அதெல்லாம் வாங்கப்பிடாது!" என்று ஒரு சத்தம் கேட்டது. பல நாளைக்குப் பிறகு அந்தத் தெருவில் கேட்ட முதல் சத்தம் அது. தளவாய் தட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். "சாமிக்குத் தாங்க முடியாததை எம் பொண்டாட்டி எப்படிய்யா தாங்குவா? பழகுன வலின்னு சொல்லுதீரு. உங்கள்ல யாராவது ஒருத்தரு அதை வாங்கிப் பழகிப் பாருமே!" உள்ளே அம்மனின் கன்னம் அந்தச் சத்தத்துக்கு வெட்டி இழுத்தது. எல்லாரும் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அவனை முறைத்தார்கள். அவனும் வாயைப் பொத்திக்கொண்டான்.

வடிவு உள்ளே போய் உட்கார்ந்தாள். ஊர் வெளியே காத்திருந்தது. ஊருக்காகத் திருப்பி வாங்குவது என்றால் அவள் வாங்கியிருக்க மாட்டாள், இதை நிச்சயமாகச் சொல்லலாம். வெகுநேரம் அந்தக் கல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுத்தது. நின்றது. காத்திருந்தது. இழுத்தது.

"எனக்கு வலிச்சா நான் உங்கிட்ட வந்தேன்," என்றாள் மெதுவாக. "நீ எங்கடி போவ?"

அம்மன் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இந்தத் தடவை வடிவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியக் கொடைக்கு ஊர் மொத்தமும் திரண்டது. மேளக்காரர்கள் கோலைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் நின்றார்கள். வடிவு குளித்து, மஞ்சள் சேலை கட்டி, இடது மூக்கில் மூக்குத்தி போட்டு வந்தாள். தளவாய் கூட்டத்துக்குக் கடைசியில், தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வடிவு ஒன்று மட்டும் கேட்டாள், வாங்கிக்கொள்வதற்கு முன் ஒரு குலவை விட்டுக்கொள்கிறேன் என்று. அம்மனுக்கு வலிக்குமே என்றார் ராசையா. இது கடைசி வலி, தாங்கிக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு, பீடத்தில் இருந்த வெள்ளி முகத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். "குடுத்துரு," என்றாள். "போதும், நீ பட்டது."

பிறகு வாயைத் திறந்தாள். அந்தக் குலவை மேலக்காவிளையில் அதற்கு முன்னாலும் யாரும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கப்போவதில்லை. அது முற்றத்தில் ஏறி, வேப்பமரத்தில் ஏறி, ஓலைத்தட்டியைத் தாண்டி, நின்றுபோன காத்தாடிகள் வரைக்கும் போயிற்று, போகப் போக நீண்டது, பஞ்சாரத்துச் சேவல்கள் எல்லாம் சாக்குக்குள் இருந்து பதில் சொல்லின. நடுவில் ஒரு இடத்தில் அந்தக் குலவை உடைந்து வேறு ஒரு சத்தமாக மாறியது. சனத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். தளவாய்க்கு மட்டும் தெரிந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் ஓடினான்.

அம்மனின் கன்னம் அசையாமல் இருந்தது. பூசாரி கைநிறையச் சந்தனம் அள்ளி அந்தக் கன்னத்தில் அப்பினார், அசையவில்லை. மேளம் இறங்கியது. வேட்டுப் போட்டார்கள். ஒலிபெருக்கி வேப்பமரத்தில் ஏறியது. ஓலைத்தட்டியை நாலு பேர் சேர்ந்து சாய்த்ததும், ஒரு மாதம் வெளியே நின்ற ஆடிக்காற்று மொத்தமும் தெருவுக்குள் நுழைந்தது. மலைப்பக்கம் மேகம் கறுத்தது. சனம் சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றது, அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது, கொடைக்கு வந்தவர்கள் சாமியைத்தான் பார்ப்பார்கள். வடிவு கன்னத்தைப் பொத்திக்கொண்டு படியிறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

முத்துப்பேச்சி மட்டும் கூட்டத்தில் இருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன வடிவு, திரும்பப் பல்லுவலியா?" என்றாள் மேளச் சத்தத்துக்கு மேலே. "கிராம்பு இருக்கா வீட்டுல?" கேட்டுவிட்டு, தீபாராதனை தவறிவிடும் என்று திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க எதிர்காற்று. தளவாய் அவளுக்கு இடதுபக்கம் வந்து, கற்பூரத் தட்டுக்கு மறைப்பது போல, தொடாமல், அவள் கன்னத்துக்கு ஓரமாக உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்தான். அவள் நின்றால் நின்றான். அவள் நடந்தால் நடந்தான். மற்றக் கையையும் சேர்த்து வைத்தான்.

"மறையுதா?" என்றான்.

அவள் பதில் சொல்லவில்லை, சொன்னால் வலிக்கும். அவன் விரல்களை இன்னும் நெருக்கிச் சேர்த்தான். விரலிடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது.